எந்தச் சிறுதொழில் என் வீட்டு நேரத்துக்கு ஒத்துவரும்? (பிறை, பினாங்கு)

பிறைவாசி | ஜூன், திங்கள் இரவு 10:48

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தவள், இன்று முதல் முறையாக எழுதுகிறேன்.

எனக்கு 38 வயது. பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 14 வருடமாக வேலை. 12 மணி நேர ஷிப்ட், நாலு நாள் வேலை, நாலு நாள் லீவு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான் பிறையிலிருந்து பாலம் கடந்து போகவேண்டும். 7 மணி ஷிப்டுக்கு பஸ் 5:25க்கே வந்துவிடும். திரும்பி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இரவு எட்டரை. இரவு ஷிப்ட் வந்தால் கிழமையே மறந்துபோகும். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், ஜொகூர் வரை போவார், வாரத்தில் இரண்டு மூன்று இரவுதான் வீட்டில். மாமியார் கூட இருந்ததால் இத்தனை வருடம் ஓடியது. இப்போது அவருக்கு முழங்கால் முடியவில்லை.

பெரியவன் முதலாம் படிவம், மதியப் பள்ளி. சின்னவள் மூன்றாம் ஆண்டு, தமிழ்ப்பள்ளி, காலையில். அவள் வரும்போது இவன் கிளம்பிக்கொண்டிருப்பான். வீடு எந்நேரமும் காலியாவதே இல்லை.

கையில் 8,000 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு வருடத்தில் வேலையை விட்டுவிட்டு ஏதாவது சொந்தமாகச் செய்ய ஆசை. யோசித்து வைத்திருப்பவை: தாமான் (குடியிருப்பு) முனையில் காலையில் தோசை, நாசி லெமாக் ஒட்டுக்கடை. இல்லையென்றால் வீட்டிலேயே முறுக்கு, ஓமப்பொடி. இல்லையென்றால் சேலை ப்ளவுஸ் தைப்பது (அம்மாவிடம் கற்றேன், அவருடைய பழைய ஜூக்கி மெஷின் இன்னும் நன்றாக ஓடுகிறது). தோழி ஒருத்தி டிக்டாக் லைவில் சேலை விற்கச் சொல்கிறாள். நாத்தனார் டியூஷன் எடு என்கிறாள்.

இதில் எதற்கு லாபம் அதிகம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தோசைக்கல் | செவ்வாய் மதியம் 2:15

தங்கச்சி, முதலாவதைப் பற்றி நான் சொல்லலாம். செந்தூலில் ஒரு கோப்பிக்கடைக்குள் இடம் எடுத்து ஆறு வருடம் காலைக் கடை நடத்தியவன்.

கடை 6:30 முதல் 11 வரை. நாலரை மணி நேரம்தானே, அப்புறம் முழு நாளும் நம்முடையது என்று கணக்குப் போட்டுத்தான் இறங்கினேன். நாள் எப்படிப் போனது தெரியுமா? 3:15க்கு எழுந்து சாம்பாரை அடுப்பில் ஏற்றவேண்டும். 5:30க்குக் கடை. 11க்கு மூடினாலும் கல் தேய்த்து, பாத்திரம் கழுவி முடிக்க 12:30. சந்தைக்குப் போய்த் தேங்காய், காய்கறி வாங்கி வீடு வர 2 மணி. கொஞ்சம் கண்ணயர்ந்தால் 5 மணிக்கு மாவரைக்க உட்காரவேண்டும். எட்டரைக்குப் படுத்தால்தான் மறுநாள் எழ முடியும். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் அப்பா குறட்டை.

மாவுதான் உண்மையான முதலாளி. கோலாலம்பூர் சூட்டில் அது யாருக்கும் காத்திருக்காது. ஒரு தடவை மைத்துனர் கல்யாணத்துக்கு ஈப்போ போய்விட்டு நடுராத்திரி திரும்பினோம். 20 லிட்டர் வாளியின் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கிய மாவு, தரையில் வழிந்து ஐஸ்பெட்டிக்கு அடியில் போயிருந்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துடைத்தேன். துடைத்து முடிக்கவும் அலாரம் அடிக்கவும் சரியாக இருந்தது.

லாபம்? இருந்தது. மழை நாளை விட்டால் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது. டைபாய்டு ஊசி (மூன்று வருடத்துக்கு ஒருமுறை), உணவு கையாளுவோர் பயிற்சி, நகராண்மைக் கழக லைசென்ஸ், இதெல்லாம் அலைந்தால் முடிகிற காரியங்கள். உங்கள் பக்கம் செபராங் பிறை மாநகர் மன்றத்தில் கேட்கவேண்டும்.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். விடியற்காலை 4 முதல் 8 வரை உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள்? சின்னவளுக்குச் சடை பின்னுவது யார்?

அச்சுமுறுக்கு | செவ்வாய் மாலை 5:02

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு பாட்டி. முறுக்கு என் பிழைப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் 11 வருடமாகச் சுடுகிறேன்.

நானும் என் தங்கையும் ஒரு மாலையில் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் 6 கிலோ வரும். கிலோ 32 வெள்ளிக்குக் கொடுக்கிறேன். மாவு, உளுந்து, வெண்ணெய், எண்ணெய், எரிவாயு, டப்பா எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 14 ஆகிறது. மீதி 18. ஆறு கிலோவுக்கு 108 வெள்ளி. இரண்டு பேர், நாலு நாலு மணி நேரம் என்று வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு மணிக்குப் பதின்மூன்றரை. இதில் பிழிந்த கைவலிக்குக் கூலி சேர்க்கவில்லை.

ஆனால் இது தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதத்துக் கணக்கு. மற்ற மாதங்களில் வாரத்துக்கு நாலு டப்பா போனால் பெரிது. எனக்கு அது வசதி. ஜனவரியில் மகளைப் பார்க்கத் திருச்சி போவேன், இரண்டு மாதம் இருப்பேன், யாரும் தேடமாட்டார்கள். நீ மாதாமாதம் வீட்டுக் கடன் கட்டுகிறவளாக இருந்தால் இந்தத் தாளம் உனக்கு ஒத்துவராது மா. அப்புறம் எண்ணெய்ப் புகை. மாமியார் எந்த அறையில் படுக்கிறார்?

பிறைவாசி | செவ்வாய் இரவு 9:10

பாட்டி, அவர் அறை சமையலறைக்கு அடுத்தது. அண்ணே, சடை பின்னுவது இப்போது மாமியார். நின்றுகொண்டு பின்ன முடியாமல் இவளைத் தரையில் உட்கார வைத்துப் பின்னுகிறார்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய் இரவு 9:41

பிரிக்பீல்ட்ஸில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுப்பவன் நான். தொழிலைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், நான் கண்ணுக்குத் தெரியாத பணத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 5,000 வெள்ளி வரை சம்பளம் என்றால் முதலாளி உங்கள் இபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதி) 13 விழுக்காடு போடுகிறார். சம்பளம் 3,000 என்று வைத்துக்கொண்டால் மாதம் 390 வெள்ளி. உங்கள் கைக்கு வராததால் இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) இருக்கிறது, சம்பளத்தோடு மருத்துவ லீவு இருக்கிறது, கிளினிக் அட்டை இருக்கிறது. வேலையை விட்ட மறுநாள் இவை அத்தனையும் நின்றுவிடும். ஆகவே 3,000 சம்பளத்தை விட்டால் 3,000 லாபம் ஈடாகாது. மூவாயிரத்து ஐந்நூறாவது வரவேண்டும்.

சொந்தத் தொழில்காரர்களுக்கும் வழி இருக்கிறது. ஐ-சாரான் திட்டத்தில் நீங்களே இபிஎஃப் கட்டலாம். 2025 முதல் கட்டுகிற தொகையில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, அரசாங்கம் சேர்த்துப் போடுகிறது. சொக்சோவிலும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சுயதொழில்காரர்களுக்குத் தனித் திட்டம் உண்டு, ஆண்டுக்கு 232 வெள்ளி 80 காசில் ஒரு பிரிவு இருக்கிறது.

பதிவு மலிவுதான். தொழில் ஆரம்பித்த 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதியவேண்டும். அடையாள அட்டையில் உள்ள பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. வருமான வரிக்குச் சம்பளக்காரர்களின் பிஇ பாரம் போய், தொழில்காரர்களின் பி பாரம் வரும், கடைசி நாள் ஜூன் 30. ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்கவேண்டும். மிலோ டின்னில் போட்டு வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வெயிலில் ரசீது மை அழிந்து, வெள்ளைத் தாள்களாக என்னிடம் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அரசாங்கத்தின் தெக்குன் நிதி வழியாக இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்புமி கடன் இருக்கிறது. ஆனால் முதல் வருடத்தில் கடன் வேண்டாம் என்பது என் கட்சி.

செவ்வந்தி78 | புதன் காலை 7:20

குறுக்கே ஒரு கேள்வி. நான் அரசாங்க ஊழியர். வீட்டில் கேக் செய்து விற்கலாமா?

கணக்குப்பிள்ளை | புதன் காலை 8:05

துறைத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள். தனியார் வேலையில் இருப்பவர்களும் வேலை ஒப்பந்தத்தை ஒருமுறை படிப்பது நல்லது. பிறைவாசி, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பழைய_வாத்தியார் | புதன் மாலை 4:30

டியூஷன் என்றதால் வருகிறேன். நான் செந்தூலில் ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வகுப்பு நடத்தினேன். மூன்று மாடிக் கடைவீட்டில் மேல்மாடி, வாரத்தில் ஐந்து நாள். 2021இல் யுபிஎஸ்ஆரை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் மூன்றாம் படிவத் தேர்வான பிடி3யும் போனது. தேர்வு போனதும் வகுப்புக்கு ஏன் வரவேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். இப்போது ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வுக்குத் தமிழும் இலக்கியமும் மட்டும், கணினி வழியாக, வாரத்தில் இரண்டு இரவு.

டியூஷனில் ஒரு வேடிக்கை உண்டு. அடுத்தவர் பிள்ளைகள் பள்ளி முடிந்து ஓய்வாக இருக்கும் நேரம்தான் நமக்கு வேலை நேரம். நம் பிள்ளைகளும் அதே நேரத்தில்தான் வீட்டில் இருப்பார்கள். பிள்ளைகளோடு இருக்கவேண்டும் என்பதற்காக டியூஷன் ஆரம்பித்து, ஊரார் பிள்ளைகளோடு மட்டும் இருந்த வாத்தியார்கள் பலரை எனக்குத் தெரியும். என் மகன் என்னிடமே படிக்க வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான், பாவம். உங்களுக்கு இது வேண்டாம்.

லைவ்_ராணி | புதன் நள்ளிரவு 12:40

இப்போதுதான் லைவ் முடித்துவிட்டு வருகிறேன், அதிலேயே உங்களுக்குப் பதில் இருக்கிறது அக்கா. வாங்குகிற பெண்கள் சமையல் முடித்துப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு 9:30க்குத்தான் போனைக் கையில் எடுப்பார்கள். நான் 11:30 வரை கத்தவேண்டும். அப்புறம் பொட்டலம் கட்டி முகவரி ஒட்ட ஒரு மணி. எனக்குச் சரி, நான் ஆந்தை, காலை 10 வரை தூங்குவேன், பிள்ளையும் இல்லை.

இன்னொன்று, உங்கள் 8,000மும் ஒரே வாரத்தில் சேலையாக மாறி அலமாரியில் உட்கார்ந்துவிடும். விற்காத நிறங்கள் உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். என்னிடம் ஒரு கடுகு மஞ்சள் இருக்கிறது, ஒன்றரை வருடமாக.

துணிக்கடைக்காரர் | வியாழன் காலை 11:15

எல்லாரும் நல்லவர்கள், நல்லதுதான் சொல்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒப்பவில்லை.

ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் 22 வருடம் கடை வைத்திருந்தவன் நான். தொழில் முதல் மூன்று வருடம் கைக்குழந்தை மாதிரி. அது அழும்போது நாம் எழவேண்டும். நமக்குத் தூக்கம் வரும் நேரத்தில் அழாதே என்று சொல்ல முடியுமா? வாடிக்கையாளர் எப்போது வருகிறாரோ அதுதான் கடை நேரம். என் வசதிக்கு ஏற்ற தொழில் என்று தேடினால், அந்தத் தொழில் தன் வசதிக்கு ஏற்ற சம்பளம்தான் கொடுக்கும். இந்தப் பெண் ஏற்கெனவே 12 மணி நேரம் உழைத்துப் பழகியவர். நல்ல இடத்தில் கடை போட்டு இரண்டு ஆள் வைத்தால் எழுந்து நிற்கலாம். தையல், முறுக்கு எல்லாம் கைச்செலவுக்கு.

ஊசிநூல் | வியாழன் மதியம் 1:30

அண்ணே, உங்கள் 22 வருடத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்டது யார்?

துணிக்கடைக்காரர் | வியாழன் மதியம் 1:52

என் வீட்டம்மா. மறுக்கவில்லை. அவர் இல்லாமல் நடந்திருக்காது.

ஊசிநூல் | வியாழன் மதியம் 2:10

இவர்தான் அண்ணே அந்த வீட்டம்மா. கடையில் இவர் நின்றால் வீட்டில் நிற்க யார்? இரண்டு ஆள் வைத்தால் ஆளுக்கு 1,700 வெள்ளி, இப்போது சட்டப்படி அதுதான் அடிமட்டச் சம்பளம். 8,000 எத்தனை மாதம் தாங்கும்?

துணிக்கடைக்காரர் | வியாழன் மதியம் 2:31

சரி, அது நியாயம். ஆனாலும் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்தால் தொழில் வளராது. அதில் நான் மாறமாட்டேன்.

பூக்கட்டி | வியாழன் இரவு 8:44

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பூமாலை கட்டுகிறேன். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எங்களுக்கு வாரம் என்பதே வெள்ளிக்கிழமைதான். வியாழன் இரவு தூக்கம் கிடையாது (இப்போதுகூட மடியில் சரம்). தைப்பூசத்தில் தேர் தண்ணீர்மலைக்குக் கிளம்பும் முன்தினம் வீட்டு ஆட்களின் முகத்தைப் பார்க்க முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மாலை இல்லை, கோயில் மாலை உண்டு. மல்லிகை இந்தியாவிலிருந்து விமானத்தில் வரவேண்டும், தாமதமானால் அன்றைய விலை நம் கையில் இல்லை.

நான் ஏன் இதில் இருக்கிறேன் என்றால் திங்கள், புதன் இரண்டு நாளும் எனக்குக் கிட்டத்தட்ட வேலை இல்லை. அந்த இரண்டு நாளும் அப்பாவை டயாலிசிஸ் கூட்டிப் போகிறேன். வெள்ளிக்கிழமை முறைக்கு மட்டும் அண்ணன் வருவார். வேறு எந்த வேலை இப்படிக் கிழமை பார்த்து விடும்?

ஏர்கான்_தம்பி | வெள்ளிக்கிழமை காலை 6:50

அக்கா, தொழிலையே மாற்றவேண்டும் என்று நினைக்காதீங்க. யாருக்குச் செய்கிறோம் என்பதை மாற்றினால் நேரம் மாறிவிடும். நான் செராஸில் ஏர்கான் சர்வீஸ் செய்கிறேன். முதல் நாலு வருடம் வீடுகளுக்குத்தான் போனேன். வீட்டுக்காரர்கள் எப்போது வீட்டில் இருப்பார்கள்? வார நாளில் மாலை 6க்கு மேல், இல்லாவிட்டால் சனி ஞாயிறு. என் ஞாயிறு போனது, காற்பந்து போனது, நிச்சயித்த பெண்ணே போயிருப்பாள், நல்லவேளை பொறுமைசாலி.

அப்புறம் ஒரு பாலர்பள்ளியில் ஆறு யூனிட் கிடைத்தது. அவர்கள் திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை நாலு மணிக்கு மூடுவார்கள். மதியம் பிள்ளைகள் போன பிறகு வந்து செய் என்றார்கள். அங்கிருந்து இன்னொரு பாலர்பள்ளி, ஒரு பல் கிளினிக், இரண்டு கணக்காய்வு அலுவலகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம். இப்போது வீட்டு வேலை எடுப்பதில்லை. ஏர்கானும் அதேதான், ஏணியும் அதேதான், ஞாயிறு மட்டும் திரும்பி வந்தது. ஒன்று மட்டும், காசு 30 நாள் கழித்துத்தான் வரும், வீடுகள் மாதிரி கையில் கிடைக்காது. அதற்குக் கையிருப்பு வேண்டும்.

ஊசிநூல் | வெள்ளிக்கிழமை மதியம் 12:20

தம்பி சொன்னதைத்தான் நான் சுற்றி வளைத்துச் சொல்ல இருந்தேன். ஜெலுத்தோங்கில் 17 வருடமாக ப்ளவுஸ் தைக்கிறேன். பிறைவாசி, உங்கள் பட்டியலில் இதுதான் உங்களுக்கு என்று தோன்றுகிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை.

ப்ளவுஸ் தையல் என்பது ஒரே தொழில் கிடையாது. கல்யாணப் பெண்ணுக்கு ஆரி வேலை வைத்த ப்ளவுஸ் ஒரு தொழில். கூலி பெரிது, ஆனால் முகூர்த்த நாள் கழுத்தில் கத்தி. பெண், அம்மா, அத்தை மூன்று பேரும் மூன்று அபிப்பிராயத்தோடு இரவு 9க்கு அளவு பார்க்க வருவார்கள், ஏனென்றால் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகளுக்குப் பட்டுப்பாவாடை இன்னொரு தொழில், அது தீபாவளி, பொங்கலோடு முடிந்தது. நாட்டிய உடை வேறு. ஃபால்ஸ் அடிப்பது, கை பிரித்துப் பெரிதாக்குவது வேறு. சாதாரண லைனிங் ப்ளவுஸ் வேறு.

நான் எல்லாவற்றையும் எடுத்துப் பத்து வருடம் சீரழிந்தேன். "கொஞ்சம் அவசரம் அக்கா" என்ற நாலு வார்த்தை... சரி, மூன்று வார்த்தை, அதைக் கேட்டாலே கழுத்து இழுக்கும். தீபாவளிக்கு முதல்நாள் இரவு 2 மணிக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தபோது என் மகள் வந்து, "அம்மா, எனக்குத் தீபாவளிக்கு என்ன?" என்றாள். நான் அவளுக்குத் துணியே எடுத்திருக்கவில்லை. தையல்காரி மகள் போன வருடத்துப் பாவாடையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

அதற்கு அப்புறம்தான் லைனிங் ப்ளவுஸ் மட்டும் என்று ஆக்கினேன். ஆரி இல்லை, பாவாடை இல்லை. காலை 9 முதல் 12:30 வரைதான் வாசல் திறந்திருக்கும். வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் நின்றார்கள். பகலில் வரக்கூடியவர்கள் நிலைத்தார்கள்: வீட்டில் இருக்கிற பெண்கள், ஓய்வு பெற்ற ஆசிரியைகள், கோயில் பஜனைக் குழு. பஜனைக் குழு ஒரு பொக்கிஷம். ஒரே நிறத்தில் பதினைந்து ப்ளவுஸ், எல்லாருக்கும் ஒரே நாளில் அளவு. தீபாவளிக்கு நாற்பது ப்ளவுஸ் எழுதியதும் நோட்டை மூடிவிடுவேன். ஆடியில் கல்யாணம் இல்லாததால் துணி கொண்டுவந்து கொடுத்தால் 5 வெள்ளி குறைப்பேன், அதனால் கூட்டம் கொஞ்சம் முன்னாலேயே பரவிவிடுகிறது.

வருமானம் துணிக்கடை அண்ணன் சொன்ன மாதிரி மலை ஏறவில்லை. வீட்டு வாடகை, மகள் படிப்பு இரண்டும் இதில் நடக்கிறது. எனக்கு அது போதும், உங்களுக்குப் போதுமா என்பது உங்கள் கணக்கு.

ஒரு யோசனை. வேலையை விடாதீர்கள். நாலு நாள் லீவு இருக்கிறதே, அதில் இரண்டு நாளை எடுத்து மூன்று மாதம் தைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு கடிகாரமும் நோட்டும் வையுங்கள். வெட்டிய நேரம், தைத்த நேரம் மட்டும் எழுதினால் ஏமாந்துபோவீர்கள். வாட்ஸ்அப்பில் கழுத்து டிசைன் பேசிய நேரம், நூல் வாங்கப் போன நேரம், பிரித்துத் தைத்த நேரம், வந்தவர்களுக்குத் தே போட்டுக் கொடுத்த நேரம் எல்லாம் எழுதுங்கள்.

தோசைக்கல் | வெள்ளிக்கிழமை இரவு 7:30

தே போட்டுக் கொடுப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள் லா.

பிறைவாசி | சனி இரவு 11:05

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். லாபம் கேட்டு வந்தேன், நீங்கள் என் வீட்டு அறைகளைக்கூட எண்ணிவிட்டீர்கள். வாத்தியார் சொன்னதைப் படித்ததும் டியூஷனை அடித்துவிட்டேன். ஒட்டுக்கடை ஆசை மட்டும் கொஞ்சம் விட மனசில்லை, ஏனென்று தெரியவில்லை. அம்மா தோட்டத்தில் இட்லி விற்றார், அதனால் இருக்கலாம்.

ஊசிநூல் அக்கா சொன்ன மாதிரி செய்து பார்க்கிறேன். திங்கட்கிழமை மனிதவளப் பிரிவில் கேட்கிறேன்.

பிறைவாசி | செப்டம்பர், ஞாயிறு மாலை 6:20

யாராவது இன்னும் இங்கே இருக்கிறீர்களா? சொன்ன வார்த்தைக்கு வந்திருக்கிறேன்.

தொழிற்சாலையில், வேலை நேரத்துக்கு வெளியே, போட்டித் தொழில் இல்லையென்றால் தடை இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். எஸ்எஸ்எம்மில் என் சொந்தப் பெயரிலேயே பதிந்தேன், 30 வெள்ளி. லீவு நாட்களில் இரண்டு நாள், காலை 8 முதல் 12 வரை. லைனிங் ப்ளவுஸ் மட்டும். கூலி 60 வெள்ளி.

இதுவரை 31 ப்ளவுஸ். நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன். முதல் ப்ளவுஸ் ஐந்தேகால் மணி நேரம். இப்போது வெட்டித் தைத்து ஊக்கு வைக்க இரண்டு மணி ஐம்பது நிமிடம். அக்கா எச்சரித்த மற்ற நேரம் ஒரு ப்ளவுஸுக்குச் சராசரி ஒரு மணி பத்து நிமிடம்! அதில் பெரும்பங்கு வாட்ஸ்அப். ஒருத்தி 19 படம் அனுப்பிவிட்டுக் கடைசியில் சாதாரண வட்டக் கழுத்து என்றாள். இப்போது ஆறு கழுத்து வரைந்த ஓர் அட்டை வைத்திருக்கிறேன், அதிலிருந்துதான் எடுக்கவேண்டும். லைனிங், நூல், ஊக்கு 9 வெள்ளி போக மீதி 51. மணிக்குப் பன்னிரண்டே முக்கால். பாட்டியின் முறுக்குக்கு இன்னும் 75 காசு பாக்கி.

ஒரு விபத்தும் நடந்தது. ஓர் ஆசிரியையின் மாம்பழ நிறப் பட்டில் இரண்டு கையையும் இடது பக்கத்துக்கே வெட்டிவிட்டேன். இரவு ஷிப்ட் முடிந்த மறுநாள் காலை, தூங்காமல் உட்கார்ந்த வேலை. சேலையில் முந்தானைப் பக்கம் கொஞ்சம் துணி இருந்தது, கரையை ஒட்டுப் போட்டு, அதுவே டிசைன் மாதிரி இரண்டு கையிலும் வைத்துக் கொடுத்தேன். அவருக்குப் பிடித்துவிட்டது, எனக்குத்தான் இரண்டு இரவு தூக்கமில்லை. கூலி வாங்கவில்லை. இப்போது நோட்டில் ஒரு சட்டம்: இரவு ஷிப்டுக்கு மறுநாள் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது. ஊக்கு வைக்கலாம், அளவு எடுக்கலாம்.

சின்னவளுக்குச் சடை, லீவு நாட்களில் நான்தான். பெரியவன் மதியம் கிளம்பும்போது சாப்பாடு சூடாக இருக்கிறது. வேலையை இன்னும் விடவில்லை. கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்ன 390 வெள்ளி தலைக்குள் உட்கார்ந்துவிட்டது. மாதம் 60 ப்ளவுஸ் நிலையாக வந்தால் யோசிப்பேன், இல்லாவிட்டால் வீட்டுக்குப் பக்கத்தில் பிறையிலேயே பகல் ஷிப்ட் மட்டும் உள்ள தொழிற்சாலைக்கு மாறிக்கொண்டு இதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். பாலம் கடக்காமல் இருந்தாலே நாளைக்கு இரண்டு மணி நேரம் மிச்சம்.

ஊசிநூல் | ஞாயிறு இரவு 8:15

60க்குக் கொடுக்காதீர்கள். அடுத்த நோட்டில் 70 என்று எழுதுங்கள். போகிறவர்கள் போகட்டும். வாட்ஸ்அப்காரிதான் முதலில் போவாள்.

துணிக்கடைக்காரர் | ஞாயிறு இரவு 9:00

70க்கு ஏற்றுங்கள். இதில் அந்த அம்மாவோடு நான் ஒத்துப்போகிறேன். ஒட்டுப்போட்ட அந்தக் கைக்குத் தனியாக 15 வெள்ளி வாங்கியிருக்கவேண்டும்.

செவ்வந்தி78 | ஞாயிறு இரவு 10:12

அக்கா, நான் பட்டர்வொர்த்தில்தான் இருக்கிறேன். என் மகளுக்கு ஏழு வயது. தீபாவளிக்கு ஒரே ஒரு பட்டுப்பாவாடை, கொஞ்சம் அவசரம்...

பிறைவாசி | ஞாயிறு இரவு 10:30

பாவாடை எடுப்பதில்லை தங்கச்சி. நோட்டும் வெள்ளிக்கிழமையே மூடியாச்சு. உங்களுக்கு ப்ளவுஸ் வேண்டுமென்றால் தீபாவளி முடிந்து வாங்க, காலை 12க்குள்.